வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு அருகே வசிக்கும் என் பள்ளித் தோழர், அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபின் முதன்முறையாக வாக்களிக்கச் சென்ற அனுபவத்தைத் தொலைபேசியில் விவரித்தார். குளிர் விலகாத மார்ச் மாதக் காலை. வாக்குச்சாவடி அலுவலர் அவரது பெயரைப் பட்டியலில் சரிபார்த்தார். அடுத்து அவர் கேட்ட கேள்வி: 'எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும்?'

நண்பர் திகைத்துவிட்டார். 'நம்மூரில் யாருக்கு வாக்களித்தாய் என்று மனைவிகூடக் கேட்கத் தயங்குவார். இங்கே வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி கட்சியைச் சொன்னால்தான் சீட்டே தருகிறார்கள். இது என்ன ரகசிய வாக்கெடுப்பு?' என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்த நான், இல்லினாய் மாநிலத்தின் தேர்தல் வரலாற்றுக்குள் வெகுதூரம் சென்றுவிட்டேன். அங்கு கண்டவற்றைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நண்பர் சென்றது பொதுத் தேர்தலுக்கு அன்று. அதற்கு முந்தைய 'பிரைமரி' எனப்படும் முதனிலைத் தேர்தலுக்கு. நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு கட்சியின் சார்பிலும் யார் நிற்பது என்பதை அக்கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. வாக்காளர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். ஒரே கட்சியைச் சேர்ந்த நான்கைந்து பேர் ஒருவரை எதிர்த்து ஒருவர் நின்று, அவர்களில் முதலிடம் பெறுபவர் கட்சியின் வேட்பாளர் ஆகிறார். இத்தேர்தலை நடத்துவது கட்சி அலுவலகம் அன்று. அரசின் தேர்தல் அமைப்பு. செலவு பொதுப் பணம். விதிகள் மாநிலச் சட்டம்.

இல்லினாயில் வாக்காளர் எந்தக் கட்சியிலும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால், வாக்களிக்கும் நாளில் ஏதேனும் ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டார் என்பது பதிவாகிறது. அச்சீட்டில் எந்த வேட்பாளருக்கு வாக்களித்தார் என்பது மட்டுமே ரகசியம். நண்பரின் திகைப்புக்கு இதுவே காரணம்.

மாநிலத்துக்கு மாநிலம் விதிகள்

அமெரிக்காவில் 50 மாநிலங்களுக்கும் பொதுவான முதனிலைத் தேர்தல் முறை என்று ஒன்று கிடையாது. நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் கட்சி வாக்காளராகப் பதிவு செய்தவர்கள் மட்டுமே அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் பங்கேற்கலாம். விஸ்கான்சின், மிச்சிகன் போன்ற மாநிலங்களில் எவரும் எந்தக் கட்சியின் தேர்தலிலும் கலந்துகொள்ளலாம். எந்தக் கட்சி என்று எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

கலிஃபோர்னியா 2010-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் வேறொரு வழிக்கு மாறியது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் இடம்பெறுவார்கள். முதல் இரண்டு இடங்களைப் பெறுபவர்கள், ஒரே கட்சியினராக இருந்தாலும், பொதுத் தேர்தலில் மோதுவார்கள். அலாஸ்காவில் 2022 முதல் முதல் நான்கு இடங்களைப் பெறுபவர்கள் அடுத்த சுற்றுக்குச் செல்கிறார்கள். டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற தென் மாநிலங்களில் எவருக்கும் பாதிக்கு மேல் வாக்குகள் கிடைக்காவிட்டால், முதல் இருவருக்கிடையே மறுதேர்தல் நடக்கும். இல்லினாயில் அந்த மறுசுற்று இல்லை. எத்தனை பேர் நின்றாலும், எவ்வளவு குறைந்த விகிதம் பெற்றாலும், முதலிடம் பெற்றவரே வேட்பாளர். இந்த ஒரு விதி எவ்வளவு பெரிய விளைவுகளை உண்டாக்கியது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இந்த முறை தானாக வளர்ந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டில் கட்சி மாநாடுகளில் கூடிய பிரதிநிதிகளே வேட்பாளர்களை முடிவு செய்தனர். அம்மாநாடுகளோ உள்ளூர்க் கட்சி முதலாளிகளின் பிடியில் இருந்தன. ரயில் நிறுவனங்களும் மர வியாபாரிகளும் அந்த முதலாளிகளைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். அந்தப் பிடியை உடைப்பதே தம் அரசியலின் இலக்கு என்று அறிவித்தவர் விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட். மாநாட்டில் இருமுறை தோற்கடிக்கப்பட்ட பின்னரே அவரால் ஆளுநர் வேட்பாளராக முடிந்தது. அவரது முயற்சியால் வேட்பாளர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சட்டத்துக்கு 1904-இல் அம்மாநில வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் அதே வழியைப் பின்பற்றின.

ஆனால், தென் மாநிலங்களில் இதே முறை ஒடுக்குமுறைக் கருவியாகவும் ஆனது. அங்கு ஜனநாயகக் கட்சிக்கு எதிர்ப்பே இல்லாததால், அதன் முதனிலைத் தேர்தலே உண்மையான தேர்தல். அதில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று டெக்சாஸ் விதித்தது. 'கட்சி ஒரு தனியார் சங்கம். தன் உறுப்பினர் யார் என்பதை அதுவே முடிவு செய்யலாம்' என்ற வாதத்தை உச்சநீதிமன்றம் 1935-இல் ஏற்றுக்கொண்டது. ஹூஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில், 1944-இல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர், பின்னாளில் அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சியின் வீட்டு விவகாரம் அன்று. அது குடிமக்களின் வாக்குரிமையின் ஒரு பகுதி என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதைவிட முக்கியமான அரசியல் கருத்து முதனிலைத் தேர்தல் வரலாற்றில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

கையொப்பம் என்னும் முதல் தடை

இல்லினாயில் முதனிலைத் தேர்தலில் நிற்க விரும்புபவர் பணம் கட்ட வேண்டியதில்லை. கையொப்பம் திரட்ட வேண்டும். மாநில கீழவை உறுப்பினர் பதவிக்குக் குறைந்தது 500, மேலவைக்கு 1,000, ஆளுநர் போன்ற மாநிலம் முழுமைக்குமான பதவிகளுக்கு 5,000 என்று சட்டம் வகுத்திருக்கிறது. கையொப்பமிடுபவர் அத்தொகுதியின் பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும். கையொப்பம் வாங்கியவர், தம் முன்னிலையில்தான் அவை இடப்பட்டன என்று நோட்டரியின் முன் உறுதிமொழி அளிக்க வேண்டும். தாள்களுக்கு வரிசை எண் இட்டு, அவற்றைச் சேர்த்துக் கட்டித் தாக்கல் செய்ய வேண்டும்.

தாக்கல் தொடங்கும் நாளன்று காலை, தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள மாநிலத் தேர்தல் வாரிய அலுவலகத்தின் கதவு திறக்கும் முன்பே வரிசை நீண்டுவிடும். அப்போது வரிசையில் நிற்பவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் தாக்கல் செய்ததாகக் கருதப்படுவர். வாக்குச்சீட்டில் முதல் பெயர் யாருடையது என்பது அவர்களிடையே குலுக்கல் மூலம் முடிவாகும். வாக்காளருக்கு அறிமுகமில்லாத பெயர்கள் நிறைந்த சீட்டில் முதலிடத்தில் இருப்பதே ஒரு பலம் என்பது அங்குள்ள அரசியல்வாதிகளின் உறுதியான நம்பிக்கை. பெயரைப் பற்றிய நம்பிக்கையும் அப்படியே. நீதிபதிப் பதவிகளுக்கு நிற்பவர்கள் வாக்காளர்களைக் கவரும் வகையில் தம் பெயரையே மாற்றிக்கொண்டதால், கடந்த 3 ஆண்டுகளுக்குள் பெயரை மாற்றியவரின் பழைய பெயரையும் சீட்டில் அச்சிட வேண்டும் என்று சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

தாக்கல் முடிந்ததும் உண்மையான சோதனை தொடங்கும். எந்த வாக்காளரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். போட்டியாளரின் ஆட்கள் ஒவ்வொரு கையொப்பத்தையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். முகவரி தவறு, தொகுதிக்கு வெளியே வசிப்பவர், கையெழுத்துக்குப் பதில் அச்செழுத்து என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போனால், வாக்குப்பதிவுக்கு வெகுமுன்பே போட்டி முடிந்துவிடும்.

ஒருவர், மூன்று தேர்தல்கள்

இந்த முறையின் முழு இயல்பையும் பராக் ஒபாமாவின் மூன்று முதனிலைத் தேர்தல்களில் காணலாம்.

முதலாவது 1996. மாநில மேலவையில் சிகாகோவின் தென்பகுதித் தொகுதி ஒன்றின் உறுப்பினராக இருந்த ஆலிஸ் பாமர், நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடிவு செய்து, தம் இடத்துக்கு ஒபாமாவை ஆதரித்தார். அந்தப் போட்டியில் தோற்றதும் பழைய இடத்துக்கே திரும்ப விரும்பினார். ஒபாமா விட்டுக்கொடுக்கவில்லை. அன்று அத்தொகுதிக்குத் தேவையான கையொப்பங்கள் 757. பாமர் அவசரமாகத் திரட்டிய தாள்களை ஒபாமா தரப்பினர் ஒவ்வொரு வரியாகச் சோதித்து ஆட்சேபித்தனர். பாமர் விலகினார். மற்ற மூன்று பேரின் கையொப்பங்களும் அதே சோதனையில் தேறவில்லை. மார்ச் மாதத் தேர்தலில் சீட்டில் எஞ்சியது ஒரே பெயர்தான். மக்களின் வாக்குரிமையைப் பற்றிப் பின்னாளில் உலகமே வியக்கப் பேசிய தலைவர், தம் முதல் தேர்தலில் வாக்காளர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையே விட்டுவைக்கவில்லை. விதிகளை அவர் மீறவில்லை. விதிகளைக் கொண்டே வென்றார்.

இரண்டாவது 2000. நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவையின் இல்லினாய் முதல் தொகுதியில் பாபி ரஷ் உறுப்பினராக இருந்தார். கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தின் இல்லினாய்க் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர், மண்ணின் மைந்தர். ஹவாயில் பிறந்து ஹார்வர்டில் படித்த ஒபாமா அவரை எதிர்த்து நின்றார். பிரசாரக் காலத்தில் ரஷ்ஷின் மகன் சுட்டுக்கொல்லப்பட்டார். தொகுதியின் அனுதாபம் அவர் பக்கம் திரண்டது. அதற்குச் சில வாரங்கள் கழித்து, துப்பாக்கிக் கட்டுப்பாடு தொடர்பான முக்கிய வாக்கெடுப்பின்போது ஒபாமா குடும்பத்துடன் ஹவாயில் இருந்தார். குழந்தைக்கு உடல்நலம் இல்லாததால் திரும்ப முடியவில்லை என்ற விளக்கம் எடுபடவில்லை. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தோற்றார்.

மூன்றாவது 2004. செனட் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ஏழு பேர். கட்சி அமைப்பின் ஆதரவு, மாநிலக் கணக்குத் துறைத் தலைவர் டேன் ஹைன்ஸுக்கு இருந்தது. பங்கு வர்த்தகத்தில் செல்வம் சேர்த்த பிளேர் ஹல், சொந்தப் பணத்தில் 2.8 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். கருத்துக் கணிப்புகளில் முன்னணியில் இருந்த ஹல்லின் மணமுறிவு வழக்கு ஆவணங்கள் வெளியானதும் அவரது ஆதரவு சரிந்தது. ஒபாமா பாதிக்கு மேல் வாக்குகள் பெற்று வென்றார். ஜூன் மாதத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜாக் ரயனும் மணமுறிவு ஆவணங்கள் வெளியானதால் விலகினார். மேரிலாண்ட் மாநிலத்திலிருந்து ஆலன் கீஸ் அவசரமாக வரவழைக்கப்பட்டார். நவம்பரில் ஒபாமா பெற்றது 70 சதவீதம். நான்கு ஆண்டுகளில் அவர் நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கட்சித் தலைமை வேட்பாளரை நியமிக்கும் முறை இருந்திருந்தால், 2004-இல் அந்த வாய்ப்பு டேன் ஹைன்ஸுக்கே போயிருக்கும் என்று கருதக் காரணம் உண்டு. 2000-இல் படுதோல்வி அடைந்த ஒருவர், தலைமையின் தயவின்றி நான்கே ஆண்டுகளில் மீண்டும் மக்கள் முன் நிற்க முடிந்தது இந்த முறையால்தான்.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு பெயரும் இல்லினாயில் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் புதுதில்லியில் பிறந்து, பியோரியா நகரில் வளர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி, 2010-இல் மாநிலக் கணக்குத் துறைத் தலைவர் பதவிக்கான முதனிலைத் தேர்தலில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். 2012-இல் நாடாளுமன்ற எட்டாவது தொகுதியில் டாமி டக்வொர்த்திடம் பெரும் வித்தியாசத்தில் தோற்றார். டக்வொர்த் செனட்டுக்குப் போட்டியிடச் சென்றதால், 2016-இல் அதே தொகுதியில் மீண்டும் நின்று வென்றார். மூன்று முறையும் அவரை ஏற்றதும் மறுத்ததும் வாக்காளர்களே.

வழுக்கி விழுந்த இடங்கள்

இவ்வளவையும் படித்துவிட்டு முதனிலைத் தேர்தலை மக்களாட்சியின் மாமருந்து என்று எவரும் கருதிவிடக் கூடாது. அதே இல்லினாய் அதற்கும் சான்று தருகிறது.

1986-இல் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் அட்லாய் ஸ்டீவன்சன் (மூன்றாமவர்) வென்றார். அதே நாளில் துணை ஆளுநர், மாநிலச் செயலர் ஆகிய பதவிகளுக்குக் கட்சி ஆதரித்தவர்கள் தோற்றனர். வென்ற மார்க் ஃபேர்சைல்டும் ஜானிஸ் ஹார்ட்டும், விசித்திரமான சதிக் கோட்பாடுகளைப் பரப்பிவந்த லிண்டன் லாரூஷின் ஆதரவாளர்கள். கட்சி அவர்களைப் பொருட்படுத்தவே இல்லை. வாக்காளர்களுக்கோ அவர்கள் யாரென்றே தெரியாது. பொதுத் தேர்தலில் ஆளுநரும் துணை ஆளுநரும் ஒரே இணையாகப் போட்டியிட வேண்டும் என்பதால், ஸ்டீவன்சன் ஃபேர்சைல்டுடன் சேர்ந்து நிற்க மறுத்து, தாம் வென்ற வேட்பாளர் தகுதியையே துறந்தார். புதிதாக ஒரு கட்சியைத் தொடங்கிப் போட்டியிட்டுத் தோற்றார். ஜனநாயகக் கட்சி அந்த ஆண்டு தன் பெயரில் ஆளுநர் வேட்பாளரே இல்லாமல் தேர்தலைச் சந்தித்தது.

2010-இல் அதே துணை ஆளுநர் பதவி மீண்டும் சிக்கலைத் தந்தது. பலர் போட்டியிட்டதில் ஏறத்தாழ கால் பங்கு வாக்குகளுடன் வென்ற ஸ்காட் லீ கோஹன், அவரது கடந்தகாலம் குறித்த செய்திகள் பரவியதால் சில நாள்களிலேயே விலக நேர்ந்தது. தேர்தலுக்கு முன் வெளியாகியிருக்க வேண்டிய செய்திகள், தேர்தலுக்குப் பின்னரே பெரும்பாலான மக்களை எட்டின. அதன் பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, 2014 தேர்தல் முதல் ஆளுநரும் துணை ஆளுநரும் முதனிலைத் தேர்தலிலேயே இணைந்து நிற்கின்றனர்.

அதே 2010-இல் குடியரசுக் கட்சியில் நடந்தது, மறுசுற்று இல்லாததன் விளைவை உணர்த்தும். பலமுனைப் போட்டியில் பில் பிரேடி ஏறத்தாழ 20 சதவீத வாக்குகளுடன் ஆளுநர் வேட்பாளரானார். இரண்டாம் இடம் பெற்ற கிர்க் டில்லார்டுக்கும் அவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் வெறும் 193 வாக்குகள். அதாவது, கட்சி வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேர் வேறொருவரை விரும்பினர். நவம்பரில் பிரேடி சிறிய வித்தியாசத்தில் தோற்றார்.

2022-இல் இன்னொரு நோய் வெளிப்பட்டது. குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ரிச்சர்ட் இர்வினுக்குப் பெருஞ்செல்வர் கென் கிரிஃபின் 5 கோடி டாலர் அளித்தார். மறுபுறம், ஜனநாயகக் கட்சி ஆளுநர் பிரிட்ஸ்கரும் அவரது கட்சியின் ஆளுநர்கள் சங்கமும் எதிர்க்கட்சியின் உட்போட்டியிலேயே பல கோடி டாலர் விளம்பரங்களைச் செய்தனர். இர்வினைத் தாக்கினர். டேரன் பெய்லியை 'மிகத் தீவிர வலதுசாரி' என்று 'எச்சரித்தனர்'. அந்த எச்சரிக்கை குடியரசுக் கட்சி வாக்காளர்களின் காதில் பரிந்துரையாகவே ஒலித்தது. பெய்லி எளிதாக வென்றார். நவம்பரில் பிரிட்ஸ்கரிடம் எளிதாகத் தோற்றார். தன் எதிரியைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பணம் வாங்கித் தந்தது.

வாரிசு அரசியலையும் இம்முறை ஒழித்துவிடவில்லை. மூன்றாவது தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் லிபின்ஸ்கி, 2004 மார்ச்சில் முதனிலைத் தேர்தலில் வென்றபின், ஆகஸ்டில் ஓய்வு அறிவித்தார். காலியான வேட்பாளர் இடத்தை நிரப்பும் அதிகாரம் அப்போது கட்சிக் குழுவிடம் இருந்தது. குழு தேர்ந்தெடுத்தது, டென்னசியில் பேராசிரியராக இருந்த அவருடைய மகன் டேன் லிபின்ஸ்கியை. வாக்காளர்கள் எவரும் முதலில் அவருக்கு வாக்களிக்கவில்லை. ஆனால், கதை அத்தோடு முடியவில்லை. 2018-இல் மேரி நியூமன் என்பவர் முதனிலைத் தேர்தலில் அவரைத் தோல்வியின் விளிம்புக்குக் கொண்டு சென்றார், 2020-இல் தோற்கடித்தார். பின்வாசல் வழியாக நுழைந்தவரை முன்வாசல் வழியாக வெளியேற்ற 16 ஆண்டுகள் ஆயின. என்றாலும், வெளியேற்ற ஒரு வாசல் இருந்தது.

அதே தொகுதியில் 2018-இல் குடியரசுக் கட்சியின் சார்பில் போட்டியின்றித் தேர்வானவர், நாஜிக் கொள்கையை வெளிப்படையாகப் பேசிவந்த ஆர்தர் ஜோன்ஸ். வெல்ல முடியாத தொகுதி என்று கட்சி கைவிட்டிருந்ததால், அவரை எதிர்த்து எவரும் மனுத் தாக்கல் செய்யவில்லை. பின்னர் கட்சி அவரைக் கண்டித்தது. ஆனால், வாக்குச்சீட்டில் அவர் பெயருக்கு எதிரே கட்சியின் பெயர் இருந்தது. தன் பெயரை யார் சுமப்பது என்பதில் கட்சிக்கே அதிகாரம் இல்லாதபோது நேரும் அவலம் இது.

சிலர் மட்டும் வந்தால்

இந்தக் குறைகள் அனைத்துக்கும் பொதுவான வேர் ஒன்று உண்டு. பொதுத் தேர்தலுக்கு வருவோரில் மிகச் சிறிய பகுதியினரே முதனிலைத் தேர்தலுக்கு வருகின்றனர். சிகாகோ நகரின் பெரும்பாலான தொகுதிகளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரின் வெற்றி உறுதி. தென் இல்லினாயின் கிராமப்புறங்களில் குடியரசுக் கட்சியின் வெற்றி உறுதி. அத்தகைய இடங்களில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. மார்ச் தேர்தலே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எழுதுவதோ, குளிரில் கிளம்பி வரும் தீவிர ஆதரவாளர்களும் கட்சி ஊழியர்களும்தாம். எனவே, வேட்பாளர்கள் பேசுவதும் அவர்களிடமே. நடுநிலையான பெருந்திரள் நவம்பரில் விழித்துப் பார்க்கும்போது, இரு முனைகளில் நிற்கும் இருவர் மட்டுமே அவர்கள் முன் இருப்பார்கள்.

இதை வைத்து, கட்சித் தலைமையே முடிவு செய்வதே மேல் என்று வாதிடுவோர் அமெரிக்காவிலும் உண்டு. தகுதியற்றவர்களை வடிகட்டும் பொறுப்பு அனுபவமுள்ளவர்களிடம் இருக்க வேண்டும் என்கிறார்கள். 1986-ஐயும் 2018-ஐயும் பார்க்கும்போது அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஆனால், அந்த வடிகட்டி யாருடைய கையில் இருந்தது, அது யாரையெல்லாம் வடிகட்டியது என்பதற்கு விஸ்கான்சினும் டெக்சாஸும் விடை சொல்லியிருக்கின்றன. மறுசுற்று வைக்கலாம், வாக்களிப்பவர் எண்ணிக்கையைப் பெருக்க நாளை மாற்றலாம், கையொப்ப விதிகளை எளிமையாக்கலாம். இவை திருத்தக்கூடிய குறைகள். மக்களிடமிருந்து தேர்வை முற்றாகப் பறிப்பது திருத்தம் ஆகாது.

நம் நாட்டில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்வது இரண்டு தாள்கள்: 'ஏ' படிவமும் 'பி' படிவமும். கட்சித் தலைமையின் கையொப்பத்துடன் அவை மனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அலுவலரிடம் சேர வேண்டும். அதன் பின்னணியில் கட்சித் தொண்டர் ஒருவருடைய வாக்காவது இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளில் மட்டும் உட்கட்சித் தேர்தல் மூலம் வேட்பாளர்களைத் தெரிவு செய்து பார்த்தது. வதோதராவில் அவ்வாறு வென்றவர் நரேந்திர ராவத். அத்தொகுதியில் நரேந்திர மோடி போட்டியிடுவது உறுதியானதும் ராவத் விலகிக்கொள்ள, மூத்த தலைவர் மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். கட்சியே விரும்பி நடத்தும் தேர்தலுக்கும், சட்டம் கட்டாயமாக்கும் தேர்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த நிகழ்வு உணர்த்தியது. முன்னதன் முடிவைத் தலைமை மாற்றலாம். பின்னதை மாற்ற முடியாது.

அமெரிக்க முறையை அப்படியே இங்கே நட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பணபலமும் சாதிக் கணக்கும் மிகுந்த நம் சூழலில் அது வேறு நோய்களைக் கொண்டுவரக்கூடும். ஆனால், கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு எப்படி நடந்தது, எத்தனை பேர் விண்ணப்பித்தனர், யார் எந்த அடிப்படையில் தெரிவு செய்தனர் என்பதையாவது வெளியிட வேண்டும் என்று கேட்பதற்கு அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. பொது மக்களின் வாக்கைக் கேட்டு வரும் எந்த அமைப்பும், அதற்கு முந்தைய தேர்வைத் தன் வீட்டு விவகாரம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நண்பர் அன்று ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கினார். ஆளுநரில் தொடங்கி, நீதிபதிகள், கழிவுநீர் மேலாண்மை வாரிய உறுப்பினர்கள் வரை நீண்டிருந்த பெயர்களில் மூன்று நான்கு மட்டுமே அவருக்குத் தெரிந்தவை. மற்றவற்றில், அவரே ஒப்புக்கொண்டபடி, முதலில் இருந்த பெயரைத் தொட்டுவிட்டு வந்தார். 'எந்தக் கட்சி என்று கேட்டதற்கு அவ்வளவு கோபப்பட்டேன். யார் வேட்பாளர் என்று கேட்டிருந்தால் என்னிடம் பதிலே இருந்திருக்காது' என்றார். அடுத்த தேர்தலுக்கு முந்தைய இலையுதிர் காலத்தில், ரயில் நிலைய வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்ற ஓர் இளம்பெண் கையொப்பம் கேட்டபோது, அவர் ரயிலைத் தவறவிட்டுப் பத்து நிமிடம் அவளிடம் கேள்வி கேட்டிருக்கிறார். பிறகே கையொப்பமிட்டாராம்.